தரநிலையான கூறு: வெப் காம்போனென்ட் கடந்த பாதையும் அதன் எல்லைகளும்

வலைப்பக்கம் எழுதுபவருக்கு உலாவி தரும் குறிச்சொற்களின் பட்டியல் முன்கூட்டியே முடிவானது. பத்தி, தலைப்பு, படம், படிவம், பொத்தான் என்று அதில் உள்ளவற்றைப் பயன்படுத்தலாம். இல்லாத ஒன்றைத் தாமே உருவாக்கி அந்தப் பட்டியலில் சேர்க்க 1990களின் எச்டிஎம்எல்லில் வழியில்லை. பக்கத்தில் ஒரு நாள்காட்டி வேண்டுமென்றால் டிவ்களை அடுக்கி, அவற்றுக்கு நடைதாளும் நிரலும் எழுதி, அடுத்த பக்கத்திலும் அதையே ஒட்ட வேண்டியிருந்தது. ஒட்டிய இடத்தில் ஏற்கெனவே இருக்கும் நடைதாள் அதன் தோற்றத்தைக் கெடுக்கும். அதன் நடைதாள் பக்கத்தின் தோற்றத்தைக் கெடுக்கும். இந்தக் குறையைத் தீர்க்க எழுந்த தரநிலைகளின் தொகுப்புக்கு வெப் காம்போனென்ட்ஸ் என்று பெயர். சொந்தக் குறிச்சொல்லை வரையறுக்கும் கஸ்டம் எலிமென்ட், அதன் உள்ளமைப்பைப் பக்கத்திலிருந்து பிரித்து வைக்கும் ஷேடோ டாம், திரையில் தோன்றாமல் காத்திருக்கும் அச்சுப்படியான டெம்ப்ளேட் ஆகிய மூன்றும் இன்று அதன் தூண்கள்.

இந்தத் தொழில்நுட்பத்தைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் இரண்டே கேள்விகளில் நின்றுவிடுகிறது: ஃபேஸ்புக்கின் ரியாக்ட் சட்டகத்தைவிட இது மேலானதா, தாழ்ந்ததா? அந்தக் கேள்விகளால் அதிகம் விளங்குவதில்லை. எந்த முடிவு எந்த ஆண்டில், யாருடைய எதிர்ப்பைத் தாண்டி எடுக்கப்பட்டது என்று வரிசைப்படுத்திப் பார்க்கும்போது, வெப் காம்போனென்ட்டின் பலங்களும் குறைகளும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது தெரியவருகிறது. போட்டியாளர்கள் ஒரே மேசையில் அமர்ந்து ஒப்புக்கொண்டதை மட்டும் ஏற்று வளர்ந்தது அது. அந்த இசைவே அதற்கு நீண்ட ஆயுளைத் தந்தது. அந்த இசைவுக்காகக் காத்திருந்த ஆண்டுகளே அதன் குறைகளையும் விட்டுச் சென்றன. இக்கட்டுரை முன்வைக்கும் வாதம் இதுதான்.

ஒற்றை உலாவியின் காலம்

1998 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட், இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பிடம் எச்டிஎம்எல் காம்போனென்ட்ஸ் என்ற முன்மொழிவைச் சமர்ப்பித்தது. சுருக்கமாக எச்டிசி. ஒரு குறிச்சொல்லின் நடத்தையைத் தனிக் கோப்பில் எழுதி, நடைதாளின் ஒரு வரியால் அதைப் பக்கத்தில் இணைப்பதே அதன் அடிப்படை. 1999இல் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 இதை ஏற்றது. வேறெந்த உலாவியும் ஏற்கவில்லை. கடைசியில் நிரலாளர்கள் எச்டிசியை அதிகம் பயன்படுத்தியது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் சொந்தக் குறைகளை ஒட்டுப்போடத்தான்: பிஎன்ஜி படத்தின் ஒளிபுகும் பின்னணி சரியாகத் தெரிய, சுட்டி மேலே வரும்போது நிறம் மாற, பெட்டியின் மூலை வளைந்து தெரிய. 2012இல் வந்த 10ஆம் பதிப்பில் மைக்ரோசாஃப்ட்டே அதைக் கைவிட்டது.

நெட்ஸ்கேப், மொசில்லா பக்கம் நடந்தது இன்னும் ஆழமான முயற்சி. மொசில்லா உலாவியின் பட்டியல்கள், உருள்பட்டைகள், பொத்தான்கள் யாவும் எக்ஸ்யூஎல் என்ற குறிமொழியில் எழுதப்பட்டவை. அவற்றைக் கூறுகளாகப் பிரித்துக் கட்டுவதற்காக டேவ் ஹையட் வடிவமைத்த எக்ஸ்பிஎல் 2001 பிப்ரவரியில் டபிள்யூ3சியின் குறிப்பாக வெளியானது. ஓர் உறுப்புக்குள் பக்கத்தின் நிரலுக்கு நேரடியாகத் தென்படாத உள்ளடக்கம் இருக்கலாம் என்ற கருத்தும், வெளியிலிருந்து தரும் உள்ளடக்கத்தை அதன் நடுவே குறித்த இடத்தில் பொருத்தலாம் என்ற கருத்தும் அதிலேயே உண்டு. இன்றைய ஷேடோ டாமும் ஸ்லாட்டும் அவற்றின் வழித்தோன்றல்களே. ஆனால் இதுவும் ஒரே உலாவிக் குடும்பத்துக்குள் முடங்கியது. நடைதாள் வழியாக நிரலை ஏற்றும் அதன் முறை, வேறொருவர் பக்கத்தில் தீய நிரலைப் புகுத்தவும் வாசல் திறந்தது.

இயன் ஹிக்சன் பதிப்பாசிரியராக இருந்து எழுதிய எக்ஸ்பிஎல் 2, 2007 மார்ச்சில் பரிந்துரைக்கான வேட்பு நிலையை எட்டியது. ஆவணம் கச்சிதமானது, உள்ளே நுழைந்து படித்தால் அதன் கண்டிப்பும் முழுமையும் வியக்க வைக்கின்றன. ஆயினும் அதை முழுமையாகச் செயல்படுத்திய உலாவி ஒன்றுகூட வரவில்லை. எல்லாவற்றையும் ஒரே அடியில் தீர்க்க முயன்றதால் செயல்படுத்தும் சுமை மிகப் பெரிதாகிவிட்டது. தோற்றம், நடத்தை, மறைப்பு, நிகழ்வுக் கையாளல் என்று பிணைந்த அந்தப் பெருங்கட்டிலிருந்து ஒரு பகுதியை மட்டும் உருவி எடுத்து வெளியிட எந்த உலாவியாலும் இயலவில்லை. அடுத்த தலைமுறையினர் இதிலிருந்து கற்ற பாடம், பெரியதைச் சிறு துண்டுகளாக உடைப்பது.

நிழல் மரம்

2011 ஜனவரியில் கூகுள் குரோமில் பணியாற்றிய டிமிட்ரி கிளாஸ்கோவ், ஷேடோ டாம் என்பது என்ன என்று விளக்கி ஒரு கட்டுரை எழுதினார். அவர் காட்டிய சான்று எல்லோருக்கும் பழகியது. வீடியோவுக்கு நாம் எழுதுவது ஒற்றைக் குறிச்சொல். திரையில் வருவதோ இயக்கும் பொத்தான், நகரும் பட்டை, ஒலியளவுக் கட்டுப்பாடு. இவற்றை வெப்கிட் உலாவிப்பொறி சாதாரண எச்டிஎம்எல் உறுப்புகளைக் கொண்டே உள்ளே கட்டியிருந்தது. இப்படி மறைந்த நிழல் மரத்தில் இருப்பதால், பக்கத்தின் நிரல் தேடினால் அவை கைக்கு எட்டா. உலாவியைக் கட்டுவோர் தமக்காக வைத்திருந்த இந்த வசதியை எல்லோருக்கும் ஏன் திறந்துவிடக் கூடாது என்பதே அன்று எழுந்த கேள்வி. அதே ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஃபிரன்டியர்ஸ் மாநாட்டில் கூகுளின் அலெக்ஸ் ரஸ்ஸல் வெப் காம்போனென்ட்ஸ் என்ற பெயரில் முழுத் திட்டத்தையும் அறிமுகம் செய்தார். 2012இல் டபிள்யூ3சி அதன் முதல் வரைவை வெளியிட்டது. எக்ஸ்பிஎல் 2 கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்டதும் அதே ஆண்டுதான்.

அன்றைய திட்டத்தில் தூண்கள் நான்கு. கஸ்டம் எலிமென்ட், ஷேடோ டாம், டெம்ப்ளேட் ஆகியவற்றோடு, ஒரு எச்டிஎம்எல் கோப்பை இன்னொன்றுக்குள் இழுத்து வரும் எச்டிஎம்எல் இம்போர்ட்ஸும் இருந்தது. ஒவ்வொன்றும் தனித்தனி வரையறை. ஒன்று தோற்றாலும் மற்றவை பிழைக்கும். எக்ஸ்பிஎல் 2இன் தோல்வி இங்கே நேரடியாகப் பயன்பட்டது. 2013 ஜூனில் ரஸ்ஸல் உள்ளிட்ட பலர் கையொப்பமிட்டு வெளியிட்ட விரிவாக்கத்தக்க இணையத்துக்கான அறிக்கையும் இதே மனப்போக்கின் வெளிப்பாடே. உலாவிகள் பெரிய வசதிகளை மேலிருந்து வழங்குவதை விட்டு, அடிப்படைத் திறன்களைத் திறந்துவிட வேண்டும். அவற்றின் மீது நிரலாளர்கள் கட்டுவதில் நிலைத்ததைப் பின்னர் தரநிலையாக்கலாம் என்றது அந்த அறிக்கை.

2013 மே மாதம் கூகுள் தன் ஐ/ஓ மாநாட்டில் பாலிமர் நூலகத்தை வெளியிட்டது. வரைவு நிலையிலிருந்த தரநிலைகளைப் பாலிஃபில் என்னும் ஈடுகட்டு நிரல்களின் துணையோடு எல்லா உலாவிகளிலும் இன்றே பயன்படுத்தலாம் என்பது பாலிமரின் வாக்குறுதி. அதே மே மாதத்தில் ஃபேஸ்புக் ரியாக்டைத் திறந்த மூலமாக வெளியிட்டது. அன்று இரண்டும் ஒரே சிக்கலுக்கு வந்த இரு விடைகளாகத் தெரிந்தன. ஒன்று உலாவியின் ஒப்புதலுக்காகக் காத்திருக்க வேண்டியது. மற்றொன்றுக்கு எவருடைய ஒப்புதலும் தேவையில்லை.

2015 ஏப்ரல்

2014 மே மாதம் குரோம் 35 ஷேடோ டாமை முன்னொட்டின்றி வெளியிட்டது. அதே ஆண்டில் முன்பே வந்திருந்த கஸ்டம் எலிமென்ட்டோடு, ஜூலையில் குரோம் 36 எச்டிஎம்எல் இம்போர்ட்ஸையும் சேர்த்தது. மற்ற உலாவிகள் இன்னும் இணங்கவில்லை. ஒரு நிறுவனம் முந்திக்கொண்டு வெளியிட்டு, பிறரைப் பின்தொடர வைக்கும் இந்தப் போக்கு எச்டிசியின் காலத்தை நினைவூட்டியதில் வியப்பில்லை. 2014 டிசம்பரில் மொசில்லா சார்பில் ஆன் வான் கெஸ்டரன் எழுதிய அறிவிப்பு, எச்டிஎம்எல் இம்போர்ட்ஸை ஃபயர்ஃபாக்ஸ் வெளியிடாது என்று நேராகச் சொன்னது. ஜாவாஸ்கிரிப்ட்டுக்கே மாட்யூல் அமைப்பு வரவிருக்கும்போது கோப்புகளைச் சேர்க்க இன்னொரு முறை எதற்கு என்பது அவர்கள் வாதம். அந்த வாதம் சரியென்று காலம் காட்டியது. மாட்யூல்கள் வந்தன, இம்போர்ட்ஸ் மறைந்தது.

ஆப்பிளின் எதிர்ப்பு வேறு வகை. ஷேடோ டாம் போடும் எல்லை உண்மையான எல்லையாக இருக்க வேண்டும் என்று வெப்கிட் பொறியாளர்கள் கேட்டனர். குரோம் வெளியிட்ட முதல் வடிவத்தில் எல்லையைத் துளைத்து உள்ளே நடைதாளைச் செலுத்தும் தனித் தேர்விகள் இருந்தன. ஓர் உறுப்புக்கே பல நிழல் மரங்கள் இருக்கலாம். வெளி உள்ளடக்கம் எங்கே பொருந்த வேண்டும் என்பதைத் தேர்விகள் கொண்டு தீர்மானிக்கும் சிக்கலான முறையும் இருந்தது. 2015 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் மௌண்டன் வியூவில் கூகுள், ஆப்பிள், மொசில்லா, மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் கூடி, சர்ச்சைக்குரியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினர். ஓர் உறுப்புக்கு ஒரே நிழல் மரம். அது திறந்ததா மூடியதா என்று ஆக்குநரே சொல்ல வேண்டும். பொருத்தும் இடங்களுக்குப் பெயரிட்ட ஸ்லாட் என்று விடைகள் அங்கிருந்து உருவாயின. துளைக்கும் தேர்விகள் பின்னர் கைவிடப்பட்டன.

இந்த வரலாற்றில் என் கணிப்பில் மிக முக்கியமான திருப்பம் இந்தக் கூட்டம்தான். அதற்கு முன் இருந்தது குரோமின் வசதி. அதற்குப் பின் வந்தது இணையத்தின் வசதி. பதிப்பு 1 என்று அழைக்கப்பட்ட புதிய வடிவத்தில் ஷேடோ டாம் 2016இல் குரோம் 53லும் சஃபாரி 10லும், கஸ்டம் எலிமென்ட் அதே ஆண்டு குரோம் 54லும் 2017இல் சஃபாரி 10.1லும் வந்தன. 2018 அக்டோபரில் ஃபயர்ஃபாக்ஸ் 63 இரண்டையும் ஏற்றது. 2020 ஜனவரியில் குரோமியம் அடித்தளத்துக்கு மாறிய எட்ஜ் வெளிவந்ததோடு பெரிய உலாவிகள் அனைத்தும் ஒரே வரையறைக்கு வந்து சேர்ந்தன. பிப்ரவரியில் குரோம் 80 தன் பழைய வடிவத்தையும் இம்போர்ட்ஸையும் நீக்கியது.

இடைக்காலத்தின் விலையை யூடியூப் மூலம் உலகமே கண்டது. 2017இல் வந்த அதன் புதிய தோற்றம் பாலிமரின் பழைய பதிப்பில், குரோமில் மட்டுமே இருந்த பழைய ஷேடோ டாமை நம்பிக் கட்டப்பட்டிருந்தது. மற்ற உலாவிகள் கனமான பாலிஃபில்களைச் சுமந்தன. 2018 ஜூலையில் மொசில்லாவின் ஒரு தொழில்நுட்பத் திட்ட மேலாளர், ஃபயர்ஃபாக்ஸிலும் எட்ஜிலும் யூடியூப் பக்கம் குரோமைவிட 5 மடங்கு மெதுவாக ஏறுகிறது என்று வெளிப்படையாகக் குற்றம்சாட்டினார். இசைவு கிடைக்கும் முன் ஒரு வரைவின் மேல் பெரிய மாளிகை கட்டுவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஒரு பிளவு மட்டும் ஒட்டப்படாமலே நின்றுவிட்டது. ஏற்கெனவே உள்ள பொத்தான், பட்டியல் போன்ற உறுப்புகளை அப்படியே நீட்டித்துப் புதுத்திறன் சேர்க்கும் முறை வரையறையில் உண்டு. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அதை ஏற்றன. ஓர் உள்ளமைந்த உறுப்பின் எல்லா ஒப்பந்தங்களையும் மீறாமல் அதன் துணைவகையை எழுதுவது நடைமுறையில் ஆகாத காரியம் என்று ஆப்பிள் மறுத்தது, இன்றளவும் செயல்படுத்தவில்லை. எனவே சஃபாரியை விட முடியாதவர்களுக்கு அந்த வசதி இல்லாததற்குச் சமம்.

வேரூன்றிய இடங்கள்

அறிமுகம் 2011, ஒருமைப்பாடு 2020. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் ரியாக்ட், ஆங்குலர், வ்யூ ஆகியவை நிரலாளர்களின் பழக்கத்தையும் வேலைச் சந்தையையும் பாடத்திட்டங்களையும் பிடித்துக்கொண்டன. நிலை மாறும்போது திரையைத் தானாகப் புதுப்பிப்பது, சர்வரிலேயே பக்கத்தை உருவாக்கி அனுப்புவது, கூறுகளுக்கிடையே தரவைப் பகிர்வது எல்லாம் அந்தச் சட்டகங்கள் தந்தவை. வெப் காம்போனென்ட் இவற்றில் எதையும் தன்னளவில் தரவில்லை. தரவும் திட்டமிடவில்லை. சட்டகங்களின் தேவையே அற்றுப்போகும் என்று தொடக்க காலப் பரப்புரை கொடுத்த நம்பிக்கை தவறானது. அந்த ஏமாற்றத்தின் கசப்பு இன்றும் விவாதங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆனால் வேறொரு வகை இடத்தில் அது ஆழமாக வேர்விட்டது. கிட்ஹப் 2014லேயே நேரத்தைக் காட்டும் சிறு கஸ்டம் எலிமென்ட்டைத் தன் தளத்தில் பயன்படுத்தத் தொடங்கியது. சர்வர் அனுப்பிய தேதி பக்கத்தில் எழுத்தாகவே இருக்கும்; நிரல் ஏறியதும் அதுவே எவ்வளவு நேரத்துக்கு முன் என்று மாறும். நிரல் ஏறாவிட்டாலும் தேதி தெரியும். 2018இல் அந்நிறுவனம் ஜேகுவெரி நூலகத்தை முற்றிலும் நீக்கியபோது இத்தகைய சிறு உறுப்புகள் கைகொடுத்தன. சேல்ஸ்ஃபோர்ஸ் தன் பழைய ஆரா சட்டகத்துக்கு மாற்றாக 2018 டிசம்பரில் லைட்னிங் வெப் காம்போனென்ட்ஸை அறிவித்தது. அடோபி 2021இல் உலாவிக்குக் கொண்டு வந்த ஃபோட்டோஷாப்பின் இடைமுகம், பாலிமரின் வாரிசான லிட் நூலகத்தின் மேல் நிற்கும் ஸ்பெக்ட்ரம் கூறுகளால் ஆனது. 2024இல் மைக்ரோசாஃப்ட், எட்ஜ் உலாவியின் சொந்த இடைமுகத்தின் சில பகுதிகளை ரியாக்டிலிருந்து வெப் காம்போனென்ட்டுக்கு மாற்றியது. அவற்றுள் ஒன்றான பிரவுசர் எசென்ஷியல்ஸ் 42 விழுக்காடு வேகமானது என்று தன் அளவீட்டைத் தெரிவித்தது.

இந்த வரிசையில் எனக்கு மிகப் பொருளுள்ளதாகப் படுவது ஃபயர்ஃபாக்ஸ். தன் இடைமுகத்தில் பல ஆண்டுகள் பயன்படுத்திய எக்ஸ்பிஎல்லை மொசில்லா 2019இல் முற்றிலும் களைந்து, அந்த இடத்தில் பெரும்பாலும் கஸ்டம் எலிமென்ட்டைப் பொருத்தியது. மூதாதையின் வேலையை வழித்தோன்றல் ஏற்றுக்கொண்டது. ஓர் உலாவியின் சொந்த முகத்தையே தாங்கும் அளவுக்கு அந்தத் தரநிலை முதிர்ந்துவிட்டது என்பதற்கு இது நடைமுறைச் சான்று.

இவற்றின் பொதுப் பண்பு ஒன்று உண்டு. பல குழுக்கள், பல சட்டகங்கள், பல ஆண்டு ஆயுள். ஒரு பெரிய நிறுவனத்தில் ஒரு குழு ஆங்குலரிலும் இன்னொன்று ரியாக்டிலும் எழுதும். மூன்றாவது, சர்வரில் உருவாகும் பழைய பக்கங்களைப் பேணும். மூன்றுக்கும் ஒரே தோற்றமுள்ள பொத்தானும் நாள்காட்டியும் வேண்டும். சட்டகத்தில் எழுதினால் மூன்று முறை எழுத வேண்டும். கஸ்டம் எலிமென்ட்டாக எழுதினால் ஒரு முறை போதும். உலாவிகள் ஒருமுறை ஏற்றதை எளிதில் நீக்குவதில்லை என்பதால் ஐந்து ஆண்டு கழித்தும் அது ஓடும். டிசைன் சிஸ்டம் எனப்படும் நிறுவனப் பொதுக் கூறுத் தொகுப்புகளில் வெப் காம்போனென்ட்டுக்கு நிகரான மாற்று இன்று இல்லை என்பது என் துணிபு.

பெயரிடும் விதியிலும் தொலைநோக்கு தெரிகிறது. கஸ்டம் எலிமென்ட்டின் பெயரில் சிறுகோடு கட்டாயம். நாளை உலாவிகள் சேர்க்கப்போகும் புதிய குறிச்சொற்களோடு மோதல் வராது. முதல் எழுத்து ஆங்கிலச் சிற்றெழுத்தாக இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டைத் தாண்டினால், மற்றவை தமிழ் எழுத்துகளாகவும் இருக்கலாம். அதைப் பயன்படுத்தியவர்கள் அரிது. ஆயினும் வழி திறந்தே உள்ளது.

குறைகளின் வரலாறு

குறைகளை எதிர்ப்பாளர்கள் கூர்மையாகவே எழுதியுள்ளனர். ஸ்வெல்ட்டை உருவாக்கிய ரிச் ஹாரிஸ் 2019 ஜூனில் தாம் ஏன் வெப் காம்போனென்ட்டைப் பயன்படுத்துவதில்லை என்று பட்டியலிட்டார். சாலிட் சட்டகத்தை உருவாக்கிய ரயன் கார்னியாட்டோ 2024 செப்டம்பரில் வெப் காம்போனென்ட் எதிர்காலம் அல்ல என்று எழுதினார். கூறு என்பது டாம் உறுப்பாக இருந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம், சட்டகங்களின் வளர்ச்சிக்கு மேற்கூரையாகிவிடுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். அதே மாதம் இணையத் தரநிலை வல்லுநர் லியா வெரூ, சட்டகக் கூறும் வெப் காம்போனென்ட்டும் வெவ்வேறு நோக்கமுள்ளவை, பின்னது எச்டிஎம்எல்லை நீட்டிப்பதற்கு என்று பதில் எழுதினார். இருவரும் தத்தம் இடத்திலிருந்து சரியாகவே பேசுகின்றனர். கார்னியாட்டோ சொல்வது ஒரு செயலியின் உள்ளே உள்ள நூற்றுக்கணக்கான சிறு கூறுகளுக்குப் பொருந்தும். வெரூ சொல்வது செயலிகளுக்கு இடையே பயணப்பட வேண்டிய கூறுகளுக்குப் பொருந்தும்.

ஆனால் சில குறைகளை நோக்க வேறுபாடு என்று தள்ளிவிட முடியாது. எனக்கு மிகப் பெரியதாகப் படும் வடிவமைப்புத் தவறு, ஸ்லாட்டையும் நடைதாள் எல்லையையும் ஒன்றாகக் கட்டியது. வெளி உள்ளடக்கத்தை ஒரு கூறின் நடுவே பொருத்த வேண்டுமானால் ஷேடோ டாம் வேண்டும். ஷேடோ டாம் வந்தால் பக்கத்தின் நடைதாள் உள்ளே வராது. பலருக்குத் தேவை முன்னது மட்டுமே. உறுதியான எல்லை வேண்டுமென்ற 2015இன் கோரிக்கை நியாயமானது. அது விருப்பத் தேர்வாக இல்லாமல் முழுத்தொகுப்பின் நிபந்தனையாக நின்றதுதான் சிக்கல். நிறத்தை மாற்ற சிஎஸ்எஸ் மாறிகள், குறித்த பகுதிகளை மட்டும் வெளியே திறக்கும் பார்ட் என்று பிற்பாடு வாசல்கள் திறக்கப்பட்டன. ஆனால் எந்த வாசலைத் திறப்பது என்று கூறை எழுதியவர்தான் முன்கூட்டி நினைத்திருக்க வேண்டும். நினைக்காததைப் பயன்படுத்துவோரால் தொட முடியாது. ஹாரிஸ் காட்டிய இன்னொரு கோணமும் உண்டு. ஸ்லாட்டில் வைக்கும் உள்ளடக்கம், கூறு அதைக் காட்டினாலும் காட்டாவிட்டாலும், முதலிலேயே உருவாகிவிடும்.

அட்ரிபியூட், ப்ராபர்ட்டி என்ற இரட்டை வழியும் பழைய பாரம். குறிச்சொல்லில் எழுதும் அட்ரிபியூட் எழுத்துச் சரம் மட்டுமே. ஒரு பட்டியலையோ தரவுப் பொருளையோ கொடுக்க ஜாவாஸ்கிரிப்ட் ப்ராபர்ட்டி வேண்டும். ரியாக்ட் நெடுங்காலம் கஸ்டம் எலிமென்ட்டுக்கு எல்லாவற்றையும் அட்ரிபியூட்டாகவே அனுப்பியது. 2024 டிசம்பரில் வந்த ரியாக்ட் 19தான் அதைச் சரிசெய்தது. ரியாக்டும் பாலிமரும் வெளிவந்த 2013 முதல் எண்ணினால் இந்த ஒத்திசைவுக்கு 11 ஆண்டுகள்.

சர்வரில் உருவாக்கும் முறையின் கதையும் அப்படியே. 2011இன் சிந்தனையில் நிழல் மரத்தை உருவாக்க ஜாவாஸ்கிரிப்ட் ஓடியே ஆக வேண்டும். நிரல் ஏறும்வரை வாசகருக்கு வெற்றிடமோ, அலங்காரமற்ற உரையோதான் தெரியும். மெதுவான இணைப்பும் பழைய கைபேசியும் வைத்திருப்பவர் இதன் சுமையை முதலில் ஏற்கிறார். எச்டிஎம்எல்லிலேயே நிழல் மரத்தை எழுதும் அறிவிப்புமுறை ஷேடோ டாமை குரோம் 2021இல் வெளியிட்டது. பண்பின் பெயரும் பகுப்பு முறையும் மாறிய தரநிலை வடிவம் 2023 மார்ச்சில் குரோம் 111லும் சஃபாரி 16.4லும், 2024 பிப்ரவரியில் ஃபயர்ஃபாக்ஸ் 123லும் வந்தது. படிவங்களில் கஸ்டம் எலிமென்ட் தன் மதிப்பைச் சேர்த்து அனுப்பும் வசதி குரோமில் 2019இல் வந்து, சஃபாரியில் 2023இல்தான் முழுமை பெற்றது. அதுவரை சொந்தமாக ஓர் உள்ளீட்டுப் பெட்டி செய்தவர், படிவம் அனுப்பும்போது அதன் மதிப்பு தவறிப்போகாமலிருக்க மறைவான இன்னொரு பெட்டியைத் துணைக்கு வைக்க வேண்டியிருந்தது.

அணுகுதன்மையில் உள்ள பிழை இவையனைத்தையும்விடக் கடுமையானது. ஏனெனில் அதன் விலையைக் கொடுப்பவர் நிரலாளர் அல்ல. பார்வையற்றவர் பயன்படுத்தும் திரைவாசிப்பான், ஒரு பெட்டிக்கு எந்த உரை தலைப்பு, எந்த உரை விளக்கம், எந்தப் பட்டியல் துணை என்பதை அடையாளப் பெயர்கள் வழியாக அறிகிறது. அந்தப் பெயர்கள் ஒரு நிழல் மரத்தின் எல்லையைத் தாண்டிச் செல்லாது. தட்டச்சு செய்யும் பெட்டி ஒரு கூறிலும், கீழே விரியும் ஊர்ப் பட்டியல் இன்னொரு கூறிலும் இருந்தால், கண்ணால் பார்ப்பவருக்கு இரண்டும் சேர்ந்தே தெரியும். திரைவாசிப்பானுக்கு அவற்றுக்கிடையே எந்த உறவும் இல்லை. எல்லை என்ற பலம் அப்படியே குறையாகிவிடும் இடம் இது. இதற்கு முன்மொழியப்பட்டுள்ள ரெஃபரன்ஸ் டார்கெட் என்ற தீர்வு, வெளியிலிருந்து வரும் குறிப்பை உள்ளிருக்கும் உரிய உறுப்புக்குக் கூறே கடத்திவிட வழி செய்கிறது. எல்லை நிற்கும், உறவும் அறாது. அடிப்படைத் தரநிலை எல்லா உலாவிகளிலும் வந்து சேர்ந்த பிறகும் இத்தனை ஆண்டுகள் இந்தக் குறை நீடித்தது வருந்தத்தக்கது. முன்னுரிமைகள் வரிசைப்படுத்தப்பட்டபோது மாற்றுத்திறனாளிகளின் தேவை கடைசியில் வைக்கப்பட்டது என்பதே இதன் நேரான பொருள்.

இனி வருவது

பெயர்ப் பதிவேடு பக்கத்துக்கு ஒன்றாக இருப்பதால், ஒரே கூறின் இரு பதிப்புகள் ஒரே பக்கத்தில் வாழ முடியாமை இன்னொரு தடை. எல்லைக்குட்பட்ட பதிவேடுகள் என்ற தீர்வு பல ஆண்டு வாதத்துக்குப் பின் உலாவிகளுக்குள் நுழையத் தொடங்கியுள்ளது. டெம்ப்ளேட்டின் குறித்த இடங்களைத் தரவு மாறும்போது புதுப்பிக்கும் அடிப்படைத் திறனைப் பற்றிய முன்மொழிவும் 2017 முதல் பேச்சில் உள்ளது. அது நிறைவேறினால் சிறு கூறுகளுக்கு நூலகமே வேண்டாதிருக்கலாம்.

எதிர்த் திசையில் இழுக்கும் விசையும் உண்டு. உரையாடல் பெட்டிக்கான உறுப்பு 2022 முதல் எல்லாப் பெரிய உலாவிகளிலும் கிடைக்கிறது. மேலெழும் பெட்டிகளுக்கான பாபோவர் வசதி அதைத் தொடர்ந்து வந்தது. தோற்றத்தை முழுதும் மாற்றத்தக்க தேர்வுப்பட்டி 2025இல் குரோமில் வந்தது. ஒரு காலத்தில் வெப் காம்போனென்ட் எழுதக் காரணமாயிருந்த தேவைகளை உலாவியே நிறைவேற்றுகிறது. இதை நான் தோல்வியாகக் கருதவில்லை. நிரலாளர்கள் கட்டிப் பார்த்ததில் நிலைத்தவை தரநிலையாக வேண்டும் என்று 2013 அறிக்கை கேட்டது இதைத்தான்.

இன்னொரு போக்கை 2023இல் வலை நிரலாளர் ஜெரமி கீத் போன்றோர் முன்னெடுத்தனர். ஷேடோ டாமே இல்லாமல், முழுமையாக வாசிக்கத்தக்க சாதாரண எச்டிஎம்எல்லைச் சுற்றி ஒரு கஸ்டம் எலிமென்ட்டைப் போர்த்தி, நிரல் ஏறியதும் திறனைக் கூட்டுவது அந்த முறை. உண்மையில் கிட்ஹப்பின் தேதி உறுப்பு 2014இல் செய்தது இதுவே. மூன்று தூண்களும் சேர்ந்தே வர வேண்டும் என்ற நினைப்பால், தூண்களில் மிக உறுதியானதைத் தனியே பயன்படுத்தலாம் என்பது உறைக்க இத்தனை காலம் பிடித்தது. வெப் காம்போனென்ட்டின் எதிர்காலம் இந்தப் பாதையில்தான் வலுவாக இருக்கும் என்று கருதுகிறேன்: செயலியின் உள்ளே சட்டகம், செயலிகளுக்கு இடையே கஸ்டம் எலிமென்ட், உண்மையில் வெளியார் பக்கத்தில் போய் அமர வேண்டிய கூறுகளுக்கு மட்டும் ஷேடோ டாம்.

இன்று பொதுச் சேவைத் தளங்களுக்கும் கல்வித் தளங்களுக்கும் கூறுகள் எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள். ரெஃபரன்ஸ் டார்கெட் எல்லா உலாவிகளிலும் வரும்வரை உள்ளீட்டுப் பெட்டியையும் அதன் தலைப்பையும் விளக்கத்தையும் நிழல் மரத்துக்குள் பிரித்து வைக்காதீர்கள். பக்கத்தின் சாதாரண மரத்திலேயே சேர்த்து வையுங்கள். எழுதி முடித்த கூறைத் திரையை அணைத்துவிட்டுத் திரைவாசிப்பானைக் கொண்டு ஒருமுறை இயக்கிப் பார்த்த பிறகே வெளியிடுங்கள்.